ஏழு கடைக்காரரின் அண்ணன்

முதல் கடையைத் திறந்தது அண்ணன்தான். ஆனால் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் தம்பியைத்தான் கை காட்டுவார்கள்.

ஒற்றை அறையில் ஆணி, கீல், தாழ்ப்பாள், உப்புத்தாள் என்று வைத்து வியாபாரத்தைத் தொடங்கிய அண்ணன், படிப்பு ஏறாத தம்பியையும் கூடவே நிறுத்திக்கொண்டார். தம்பிக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. அடுத்த தெருவில் இரண்டாவது கடையைத் திறந்து பெயிண்ட் கலக்கும் மெஷினை இறக்கினான். மூன்றாவது கடை முழுக்கக் குழாயும் குளியலறைச் சாமானும். பன்னிரண்டு வருஷத்தில் ஆறு கடை. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைப் பலகை, ஆட்களுக்கு ஒரே பச்சைச் சட்டை. அண்ணனுக்கும் ஒன்று வந்தது, நெஞ்சில் 'கிளை 1' என்று தைத்து.

"நான் கிளையாம். அப்ப வேர் எவனாம்?" என்று மனைவியிடம் பொருமினார்.

"கூடப் பிறந்தவர்தானே, நல்லா இருந்துட்டுப் போகட்டுமே."

"இருக்கட்டும். என்னைவிட நல்லா இருக்கணுமா?"

வாஷர் வாங்க வருகிறவன்கூட "உங்க தம்பி தொட்டதெல்லாம் துலங்குதுங்க" என்பான். அண்ணன் சிரித்துக்கொண்டே பொட்டலம் மடிப்பார். நூல் முடிச்சு மட்டும் தேவைக்கு மேல் இறுகும்.

ஒருநாள் மத்தியானம், வழக்கமாக வரும் பிளம்பர் குழாய் வளைவுக்கு எல்போ வாங்க வந்தார். புறவழிச்சாலையில் தம்பி ஏழாவது கடை கட்டிக்கொண்டிருந்த நேரம்.

"தம்பி கட்டுற கடைக்கு எதிர்த்தாப்புல, இதே சாமான் விக்கிற பெரிய கம்பெனிக் கடை ஒண்ணு வருதுங்க. குழாய் வேலைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். உள்ள லாரியே திரும்பலாம், அவ்வளவு பெருசு. தம்பி காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க."

சொல்லிவிடத்தான் நினைத்தார். சாயங்காலம் தம்பியே வந்தான், திறப்பு விழா அழைப்பிதழோடு. அதில் தம்பியின் படம் மட்டும் இருந்தது. கீழே 'நிறுவனர்' என்று போட்டிருந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"ஜோரா இருக்குடா" என்றார் அண்ணன். தொண்டை வரை வந்த சேதியை அப்படியே விழுங்கிவிட்டார்.

எதிர்க்கடை திறந்து எட்டே மாதத்தில் ஏழாவது கடை ஆட்டம் கண்டது. அதைத் தூக்கி நிறுத்த மற்ற கடைகளின் சரக்கை அங்கே கொண்டுபோய்க் கொட்டினான் தம்பி. இங்கே அலமாரிகள் காலியாயின. திருகு இருந்தால் ஆணி இல்லை, ஆணி இருந்தால் சுத்தியல் இல்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், அப்புறம் வருவதையே விட்டார்கள். மூன்று வருஷத்தில் ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் முதல் கடைக்கும் முறை வந்தது.

அன்றைக்கு அண்ணனும் தம்பியும்தான் கடையைக் காலி செய்தார்கள். தம்பி கன்னம் ஒட்டிப்போய்த் தரையில் உட்கார்ந்து திருகுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். அண்ணனால் தாங்க முடியவில்லை.

"எதிர்க்கடை வரப்போறது எனக்கு முன்னாடியே தெரியும்டா. நீ அழைப்பிதழ் கொண்டுவந்த அன்னிக்குப் பிளம்பர் சொன்னார். நான் உன்கிட்ட சொல்லல."

தம்பி நிமிரவில்லை. "அங்க வேலை பார்த்த மேஸ்திரி என்கிட்ட சொல்லிட்டார்ண்ணே. உங்ககிட்ட சொன்னதுக்கு முந்தின நாளே."

"தெரிஞ்சுமா திறந்தே?"

"கட்டினதைப் பாதியில விட்டா நீங்க சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

அண்ணனும் கீழே உட்கார்ந்து திருகு பிரிக்கத் தொடங்கினார். சிரித்துத்தான் இருப்பார், அது அவருக்கே தெரியும். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவும் செய்தது, பாதி. மீதிப் பாதியில் அந்த 'முந்தின நாளே' முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இதிலும் அவன்தான் முந்தியிருக்கிறான்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெரிய கடையே தம்பியை மேற்பார்வையாளராக வேலைக்குக் கூப்பிட்டது. மனைவி சேதி சொன்னபோது அண்ணன் சட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு" என்றார், மனசாரத்தான். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, "அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது யாருன்னு அவங்க விசாரிக்கவே இல்லையாமா?" என்று கேட்டார்.