பேசட்டும் என்றொரு நாய்க்குட்டி

நாய்க்குட்டிக்குக் குவார்லே வைத்த பெயர் ‘பேசட்டும்’. கடலோர ஊரான டெஷியில் நாய்க்கு இப்படிப் பெயர் வைத்தால், சுற்றியிருக்கும் யாருக்கோ பதில் சொல்கிறார்கள் என்று பொருள். காலையில் முற்றத்தில் நின்று, “ஏய் பேசட்டும், இங்க வா!” என்று அவள் கூப்பிடும்போது, அந்தக் கூட்டு வீட்டில் யாருக்கு உறைக்க வேண்டுமோ அவர்களுக்கு நன்றாகவே உறைத்தது.

பதினைந்து வருடம் குடித்தனம் நடத்திய புருஷன் டெமா நகரத்து வீட்டில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்ததும், குவார்லே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அவருடைய அறையில் அவர் தம்பி ஒப்போட்டி, குடும்பத் தலைவர் என்ற உரிமையில், சிமெண்டு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். மூட்டைகளை அவளே வெளியே இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அவள் அவர் கண்ணில் விழுந்த தூசி.

அந்த அறையில் தனக்குத் துணையாக அவள் கொண்டுவந்ததுதான் இந்தக் குட்டி. வந்த வேகத்தில் துடைப்பத்தைக் குதறியது. ரேடியோ ஒயரைத் துண்டாக்கியது. எதிர் அறை ஆஜெலேயின் சீப்பை மென்று துப்பியது. கடைசியில் ஒப்போட்டியின் நாற்காலிக் காலில் வாயை வைத்தது.

ஹோமோவோ திருவிழாவுக்கு முந்தைய மாதம் அது. ஊரில் முரசு கொட்டக் கூடாது, பாட்டு போடக் கூடாது. சண்டைக்குத் தடை இல்லை. ஊரே அடங்கிக் கிடந்ததால் ஒப்போட்டி கத்தியது தெருக்கோடி வரை கேட்டது.

“குவார்லே! திருவிழாவுக்குள்ள இன்னொரு சாமான் கடிபட்டுச்சுன்னா அந்த நாய் சாக்குல போகும். பின்னாலயே நீயும் டெமாவுக்கு வண்டி ஏறு. புருஷன் இருக்கறவளுக்கு இங்க என்ன வேலை?”

நாய் வெறும் சாக்குப்போக்கு, அவர் கண் அறைமேல் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. பயம் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகம் இருந்தது.

“சரி சித்தப்பா. இன்னொண்ணு கடிபட்டா நானே போறேன். கடிபடலன்னா அப்புறம் என் அறையப் பத்தி நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

அறை அறையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. வார்த்தை கொடுத்தாகிவிட்டது.

யோசனைக்குப் பஞ்சமில்லை. கட்டிப்போடு என்றார்கள், செருப்பாலேயே நாலு போடு என்றார்கள். “மிளகாயை அரைச்சுப் பூசுக்கா, ஒரு தடவை உறைச்சா ஜென்மத்துக்கும் வாய வைக்காது” என்றாள் ஆஜெலே. குவார்லே காரமான மிளகாயாகப் பார்த்து அம்மியில் அரைத்து, நாற்காலிக் கால், கதவு முனை, துடைப்பக் கட்டை எல்லாவற்றிலும் அப்பினாள்.

மறுநாள் காலையில் துடைப்பக் கட்டை கழுவி வைத்தது போலப் பளபளத்தது. நாற்காலி அடியில் பேசட்டும் கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. ஆஜெலே பாய்ந்து அதைத் தூக்கியிராவிட்டால், நக்கி முடித்துக் கடிக்கவும் ஆரம்பித்திருக்கும்.

“அக்கா, இது எங்க பொறந்துச்சு?”

“மீன் சந்தையில. சோளமாவுக் கென்கே அவிக்கிற கடை அடுப்படியில.”

“அடிப்பாவி! அப்ப தாய்ப்பால் மறந்த நாள்லேருந்து இது தின்னதே மிளகாயும் மீன் தலையும்தானே! பயமுறுத்தறேன்னு பந்தி போட்டுப் பரிமாறியிருக்கியே!”

முற்றம் முழுக்கச் சிரித்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒப்போட்டி மட்டும் சிரிக்கவில்லை. காதில் வாங்கிக்கொண்டார்.

குவார்லே குட்டியை மடியில் போட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். ஈறு சிவந்து வீங்கியிருந்தது. அரிசி மாதிரி ஒரு பால்பல் அவள் பாவாடையில் விழுந்தது. பல் முளைக்கிற பிள்ளை எதைத்தான் கடிக்காது? அடித்து என்ன பிரயோஜனம்? கென்கே பொதிகிற சோளத் தோகையைக் கெட்டியாக முறுக்கி, முடிச்சுப் போட்டு, சுட்ட மீன் ஊறின தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். குட்டி அதைக் கட்டிக்கொண்டு உருண்டது. வேறு எதையாவது கவ்வினால் அவள் கத்தவில்லை, துரத்தவில்லை. ஒரு துணுக்கு மீனை நீட்டினாள். கவ்வியதைப் போட்டால் மீன், பிறகு தோகை.

கொஞ்ச நாளில் பேசட்டும் வியாபாரம் கற்றுக்கொண்டுவிட்டது. கண்ணில் பட்டதைப் பூப்போலக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, மீனுக்காக உட்கார்ந்திருக்கும். சோப்பு, கரண்டி, யாருடையதோ உள்பாவாடை. “ஒவ்வொரு அறையாப் போய்த் திருப்பிக் கொடுக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு” என்று அலுத்துக்கொள்வாள். முகத்தில் அலுப்பு தெரியாது.

ஹோமோவோ காலை. வீடெங்கும் பனையெண்ணெய் வாசனை. வெளியூர் உறவெல்லாம் முற்றத்தில் நெருக்கியடித்து நின்றது. குடும்பத் தலைவர் வெள்ளை உடுத்தி வந்து, முன்னோருக்கான சோளமாவுப் படையலை வாசல் தொடங்கித் தெரு வரை தூவ வேண்டும். அன்றைக்கு அவர் வெறுங்கால் மண்ணில் படவே கூடாது. அதற்கென்றே உள்ள அந்தப் பெரிய தோல் செருப்பு எப்போதும் அலமாரி உச்சியில் இருக்கும். அன்றைக்கு ஏனோ கீழே படியில் கிடந்தது.

பேசட்டும் அதில் ஒன்றைக் கவ்வியது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” மற்றவர்கள் திரும்புவதற்குள்ளேயே ஒப்போட்டி கத்தினார். “பெரியவங்க செருப்பு! சாக்கை எடுத்துட்டு வாங்கடா!”

ஒரு பல் தடம் இருந்தாலும் போதும், சொன்ன வார்த்தைப்படி குவார்லே பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். ஓடிப் பிடுங்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். குட்டி தலையை நிமிர்த்தியபடி உறவுக்காரர்களின் கால்களுக்கிடையே புகுந்து வந்து, செருப்பை அவள் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. மீன் எங்கே?

எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். எச்சில் இருந்தது, கடி இல்லை. ஆனால் அவள் விரலில் சிவப்பாக என்னவோ ஒட்டியது. மோந்து பார்த்தாள். நிமிர்ந்து ஒப்போட்டியைப் பார்த்தாள். அவர் ஒரு கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து நீர் வடித்துக்கொண்டிருந்தது. கசக்கக் கசக்க இன்னும் வடிந்தது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவள் ஏன் தனியாகக் கேட்க வேண்டும்?

“கண்ணுல என்ன சித்தப்பா?”

“தூசி.”

“தூசியா? ஆஜெலே, இத மோந்து பாரு.”

ஆஜெலே மோந்ததோடு நிற்காமல் நாக்கிலும் வைத்துப் பார்த்தாள். “மிளகாய். சுட்ட மீன் போட்டுப் பதமா அரைச்சிருக்காங்க. உப்புதான் கொஞ்சம் கம்மி.”

ஒரு கிழவர் இருமுவது போலச் சிரிக்க, முற்றமே சிரித்துவிட்டது. குவார்லே இரண்டு செருப்பையும் கொண்டுபோய் ஒப்போட்டியின் முன்னால் வரிசையாக வைத்தாள்.

“எல்லாரும் பாத்துக்கங்க, நாய் கடிக்கட்டும்னு பூசி வச்சும் கடி இல்ல. அந்த அறை எங்க அப்பாவோடது. நான் எங்கயும் போகல, நாயும் போகல. போட்டுக்கங்க சித்தப்பா, முன்னோருக்குப் பசிக்குது.”

“கழுவிட்டு வரேன்…”

“கழுவறதுக்கு நேரம் ஏது? வாய்யா வெளிய!” என்று வாசலிலிருந்து குரல்கள் வந்தன. வெறுங்காலோடு இறங்கவும் முடியாது. வெடித்த குதிகாலை அவர் மெதுவாக உள்ளே நுழைத்தார்.

அந்த வருஷம் போல அவ்வளவு வேகமாகப் படையல் தூவி டெஷி பார்த்ததில்லை. இந்தக் காலை வைத்து, அந்தக் காலைத் தூக்கி, உஸ் உஸ்ஸென்று தெருமுனை வரை போனார். தடை நீங்கிய முரசுக்கு ஏற்ற ஆட்டம் என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவர் திரும்பி வரும்போது குவார்லே தன் அறை வாசலில் உட்கார்ந்து குட்டிக்கு ஒரு முழு மீன் தலையை ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒப்போட்டி நின்றார்.

“உனக்கு ரொம்பத்தான் கொழுப்பேறிப் போச்சு.”

“குட்டிக்குப் பல்லு முளைச்சிருச்சு சித்தப்பா” என்றாள், எழுந்திருக்காமலே. “எனக்கும்தான்.”