சோனி ஆறு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலையே ஆறு செய்வதுதான். கட்டில் அகலத்துக்கு ஒரு தொட்டி, அது நிறைய ஈரமணல். மேலே குழாய்களிலிருந்து விடாத தூறல், கீழ்விளிம்பில் தண்ணீர் வெளியேற இரண்டு வாசல்கள்.

முதல் நாள் மணலெங்கும் நரம்பு நரம்பாக நூறு ஓடைகள் கீறின. கொஞ்சம் ஆழமாக இறங்கிய ஓடை அக்கம்பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இன்னும் ஆழமானது, மற்றவை வற்றின. ஐந்தாம் நாள் கிளை விரித்த இரண்டே ஆறுகள் மிஞ்சின. நடுவில் ஒரு மேடு. இடப்பக்கம் பெரிய ஆறு, வலப்பக்கம் ஒரு சோனி.

அன்று வலது வாசலை மட்டும் இரண்டு விரற்கடை தாழ்த்தினாள். சரிவு கூடினால் சோனி பின்னோக்கி அரித்தபடி மேட்டை நகர்த்தும், அதற்கு இரண்டு வாரமாவது ஆகும் என்பது அவள் கணக்கு.

ஒன்பதாம் நாள் காலையில் வந்து பார்த்தால், மேடு இடப்பக்கமாக ஒரு சாண் போயிருந்தது! நாலே நாளில் இவ்வளவா? இடதுபக்கக் குழாய் அடைத்துக்கொண்டு, மழை வலப்பக்கம் மட்டும் கொட்டியிருந்தால்? இத்தனை நாள் பாடும் விழலுக்கு இறைத்த நீர்தான். உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள். குழாய் வேலை பார்க்கும் அவள்தான் இந்தத் தூறலை அமைத்துக் கொடுத்தவள்.

“என் குழாய் மேலயா சந்தேகம், அண்ணி?” என்று கேட்டுக்கொண்டே கருவிப்பையோடு வந்து நின்றாள் நாத்தனார்.

“உன் குழாய் மேல இல்லடி, என் ராசி மேல.”

நாத்தனார் தொட்டியின் குறுக்கே பலகைகளைப் போட்டு, பன்னிரண்டு காகிதக் கோப்பைகளை வரிசையாக வைத்தாள். பத்து நிமிடம் கழித்து அளவுகோலை விட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே மட்டம்.

“மழை ஓரவஞ்சனை பண்ணல அண்ணி. உங்க சோனிக்குத்தான் அகோரப் பசி.”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பலகையை எடுக்கப் போனவள், “ஏய், அசையாதே!” என்று கத்தினாள்.

நூலாகிப்போயிருந்த மேடு ஓரிடத்தில் பொலபொலவென்று சரிந்தது. பெரிய ஆற்றின் தலைப்பகுதித் தண்ணீர் ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. பிறகு முழங்கை போல மடங்கி, சோனியில் போய் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோனி பெருத்தது. பெரிய ஆறு கீழே வெறும் கசிவாகச் சுருங்கியது.

“அடப்பாவி, பட்டப்பகல்ல திருட்டு!” என்றாள் நாத்தனார்.

“எங்க படிப்புலயும் அதைத்தான் சொல்றோம். ‘ஆற்றுக் கவர்வு’ன்னு பேரு மட்டும் கொஞ்சம் மரியாதையா இருக்கும். நிஜ ஆறா இருந்தா லட்சக்கணக்குல வருஷம் ஆகும்டி!”

இருவரும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மதியச் சாப்பாடே மறந்துபோயிற்று. அவளுடைய கைப்பேசி அடித்தபோது நாத்தனார்தான் எடுத்தாள்.

“அண்ணா, உன் பொண்டாட்டி ஒரு ஆத்தைப் பறிகொடுத்துட்டாங்க... இல்லண்ணா, அழல. குதிச்சிட்டிருக்காங்க.”