பன்னிரண்டு பேப்பர் கப்

புருஷன் பேப்பர் கப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தபோதே இஸ்திரிக்காரிக்குச் சுருக்கென்றது. கேட்காமல் கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்கி வந்ததாக அந்த மனுஷனுக்குச் சரித்திரமே கிடையாது. எதற்கு என்று கேட்டாள். நாடகத்துக்கு என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கீழே விரித்திருந்தது, அன்று சாயங்காலம் அவர் இயேசுவாக மேடையேறப் போகும் வெள்ளை அங்கி.

அவர் பதினெட்டு வருடமாகச் சாக்கடைக் குழிக்குள் இறங்கி அடைப்பு எடுக்கிறவர். அவருக்கு இயேசு வேஷம் கிடைத்ததே பெரிய கதை. ஒன்பது வருடம் அந்த வேஷத்தைக் கட்டியவர் நகைக்கடைக்காரர். வருடத்துக்கு வருடம் தொந்தி வளர்ந்து, போன வருடம் சிலுவையில் கால் வைக்கும் கட்டையே முறிந்துபோயிற்று. மனுஷர் தரையில் நின்றபடியே உயிரை விட்டார். கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் யோசித்தார். குழியிலிருந்து ஏறிவந்த இவரைத் தெருவில் பார்த்தார். நெடுநெடு உயரம், தாடி, எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்பு. இவரே இயேசு என்று முடிவு கட்டிவிட்டார். நகைக்கடைக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தலைமைச் சீடர் பேதுருவானார். காட்டிக்கொடுக்கிற யூதாஸ் வேஷம் மட்டும் யாருக்கும் வேண்டாம். சீட்டுக் குலுக்கியதில் மருந்துக்கடைக்காரர் தலையில் விழுந்தது. அவர் ஒரு வாயில்லாப் பூச்சி. அவர் பெண்டாட்டி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசி இராவுணவுக் காட்சியில் வெறும் கிண்ணத்தை வாய்க்கு நேரே காட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். நேற்று அதில் நிஜமாகவே திராட்சைச் சாறு ஊற்றியதும் நகைக்கடைக்காரருக்குச் சுகாதாரம் நினைவுக்கு வந்துவிட்டது. நோய்நொடி பெருகிவிட்ட காலமாம். சீடர்களுக்குத் தனித்தனிக் கப்பாம். இயேசுவே வாங்கி வந்து இயேசுவே ஊற்றிக் கொடுக்க வேண்டுமாம். நோயைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளான மருந்துக்கடைக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருடம்வரை ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்தார்களே, அப்போது இந்த நோய் எங்கே போயிருந்தது என்றும் யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவரிடமிருந்து பிடுங்கிப் பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது.

"உங்கள சிலுவையில அறையறதுக்கு அவங்களுக்குக் கூச்சமில்ல. உங்க வாய் பட்டதக் குடிக்கத்தான் கூச்சமா?"

"சுகாதாரம்னுதான் சொல்றாங்க."

"நீங்க அந்தக் குழிக்குள்ள இறங்கலேன்னா அவங்க வீட்டுல சுகாதாரம் எங்க இருக்கும்?"

போக வேண்டாம் என்றாள். போகாவிட்டால் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்றார் அவர். ஏழாவது படிக்கிற பெண், எங்கப்பாதான் இயேசு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவள் கண்ணெதிரே அசிங்கப்படுவதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்பது இவள் கட்சி. அவர் அங்கியை மடித்தார், பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் கோயில் மைதானத்தில் எள் போட்டால் விழ இடமில்லை. இவள் மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். நீண்ட மேசை, பதின்மூன்று பேர். பொட்டலம் பிரிக்காமல் மேசைக்கடியில் கிடந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. ஒரே கிண்ணத்தை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், பக்கத்தில் நீட்டினார்.

"அனைவரும் இதிலிருந்து பருகுங்கள்."

பேதுரு மேசைக்கடியில் கிடந்த பொட்டலத்தைக் கண்ணால் காட்டினார். இயேசு கவனிக்கவில்லை. வேறு வழியின்றிப் பேதுரு அதை விரல் நுனியில் வாங்கி, சுட்டுவிட்டதுபோலச் சட்டென்று பக்கத்தில் தள்ளினார். யோவானும் அப்படியே. பதினோரு கை மாறியும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. கடைசியில் இருந்த மருந்துக்கடைக்காரர் கிண்ணத்தையும் இயேசுவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து மடக் மடக்கென்று முழுவதையும் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வசனம் இயேசுவுடையது. "உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்." அதைச் சொல்லும்போது யூதாஸைப் பார்க்க வேண்டும் என்பது ஒத்திகை. அவர் மற்ற பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். இஸ்திரிக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனுஷனை அவள் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள்.

பிறகு சிலுவையில் ஏற்றினார்கள். கட்டை முறியவில்லை. மைதானமே தேம்பியது. நகைக்கடைக்காரர் வீட்டம்மா கைக்குட்டை போதாமல் முந்தானையை எடுத்தார்.

"சிலுவையில தொங்குனது ஒண்ணும் கஷ்டமில்ல. அந்தக் கிண்ணத்த நீட்டுனப்பதான் கை நடுங்கிடுச்சு" என்றார் அவர், வீட்டுக்கு நடக்கும்போது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறுவாரம் சாமியார் இஸ்திரிக்குக் கொடுத்திருந்த தன் அங்கியை வாங்க வந்தார். வாசலிலேயே நின்று தொண்டையைக் கனைத்தார். குழு கூடிப் பேசியதாம். நாடகம் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்களாம். அடுத்த வருடமும் அவரேதான் இயேசு, அதில் மறுபேச்சில்லையாம். ஒரே ஒரு சின்ன மாற்றம். நேரம் இழுக்கிறது என்பதால் இராவுணவுக் காட்சியை எடுத்துவிட்டு, நேரே சிலுவைக்குப் போய்விடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம். ஒருமனதாக என்றால், மருந்துக்கடைக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க சாமி?"

சாமியார் செருப்பைப் பார்த்தார். தான் ஊருக்குப் புதுசு என்றார்.

அவள் அங்கியை மடிப்புக் கலையாமல் அவர் கையில் வைத்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தார். அது போதும் அவளுக்கு.

"அவர் வரமாட்டார் சாமி. கூட உக்காந்து சாப்பிட வேண்டாம், தொங்கினா மட்டும் போதும்னா, கோயில் சுவத்துல ஒருத்தர் ஏற்கெனவே தொங்கிட்டுத்தானே இருக்கார்? அவரையே வச்சிக்கச் சொல்லுங்க."