பின்பக்கக் கம்பி

முள் சகாயராஜின் வலது கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளி இறங்கியிருந்தது. மூன்று தையல். என் தங்கை அறிவுச்செல்வி புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு திண்டுக்கல் நாகல் நகரில் இருந்த என் பட்டறைக்கு வந்தாள். பாதி முடிந்து கிடந்த இரும்புப் பெட்டி ஒன்றின்மேல் அவனை உட்காரவைத்து, தலையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, "நல்லாப் பாருண்ணே" என்றாள். பார்த்தேன். இது நடந்தது 2006இல், ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால்.

சகாயராஜ் குட்டி பொக்லைன் ஓட்டுகிறவன். பெரிய பொக்லைன் நுழைய முடியாத இடத்தில் நுழைகிற வண்டி. ஒரே ஒரு ஆள் உட்காரும் அறை, கீழே சங்கிலிச் சக்கரம், முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கை. அப்போது வடமதுரைப் பக்கம் ஒரு கண்மாயில் சீமைக்கருவேலம் பிடுங்கிக்கொண்டிருந்தான். கருவேலத்தைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. இழுக்க இழுக்க வளைந்து கொடுக்கும், வேர் பிடியை விட்டதும் அத்தனை கிளையும் ஒரே வீச்சாக ஆப்பரேட்டர் முகத்துக்கு வரும். வண்டிக்குக் கண்ணாடி உண்டு, கதவும் உண்டு. ஆனால் புழுக்கத்துக்காக முன்கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கதவைப் பின்னால் மடக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, தலையில் துண்டோடு ஓட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கதவுக்கு இன்னொரு நியாயமும் வைத்திருந்தார்கள்.

"மிஷினு சாஞ்சா குதிக்கணும் மச்சான்" என்றான் சகாயராஜ். "கதவ மூடிக்கிட்டா எப்பிடிக் குதிக்கிறது?"

"நீங்க குதிக்கவும் வேணாம், பறக்கவும் வேணாம்" என்றாள் அறிவு. "அண்ணே, இவர ஒரு கூண்டுக்குள்ள வச்சுப் பூட்டிக் குடு."

அவள் கோபத்தில் சொன்னது. நான் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

என் தொழிலைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. இருதயநாதன் செய்த பெட்டியை உடைத்தான் என்று திண்டுக்கல்லில் ஒருவன் பேர் வாங்கியதில்லை. ஒரு பெட்டியின் முன்னால் நிற்கும்போது நான் கேட்பது ஒரே கேள்விதான். கள்ளன் எந்த வழியாக வருவான்? முன்பக்கம், கூரை, அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக அடைப்பேன். வண்டி முதலாளியிடம் சொல்லிவிட்டு சகாயராஜ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோதும் அதையே கேட்டேன். கூரைக்கு எட்டு மில்லி தகடு. முன்னாலும் வலது பக்கமும் பெட்டிக்குப் போடுகிற கெட்டிக் கம்பி. இடது பக்கக் கதவுக்கு என் பெட்டிக் கைப்பிடியையே வைத்தேன். இரண்டு திருகு திருகி, பிறகு இழுத்தால்தான் திறக்கும்.

பின்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. பக்கத்தில் சிவப்பு வளையம் ஒன்று, அதன்மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒருவன் ஜன்னலில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தான். எழுத்து ஏதும் இல்லை. முப்பது வருஷமாகப் பெட்டி செய்கிறவன் கண்ணுக்கு அவன் உள்ளே ஏறுகிறவனாகத்தான் தெரிந்தான். கண்ணாடிக்கு வெளியே கம்பிச் சட்டம் வைத்துப் பற்றவைத்தேன். இடது பக்கம் முடிந்து வலது பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் வண்டி போயாக வேண்டும். அந்த இரண்டு புள்ளியின்மேல் இடுக்குத் தெரியாமல் அடைக்கிற மக்கு பூசி, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

மறுநாள் என் கூண்டின் அழகைப் பார்க்க நானே டிவிஎஸ் வண்டியில் கண்மாய்க்குப் போனேன். முந்தின வாரம் பெய்த மழையில் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஒரு பெரிய கருவேலத்தைச் சகாயராஜ் பிடித்து ஆட்டினான். மண் பிளந்தது. ஆள் தொடை பருமன் வேர் வெளியே வந்தது. மரம் துள்ளி எழுந்து வண்டியின் முகத்தில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முள் எல்லாம் கம்பியில் சிக்கி நிற்க, உள்ளே அவன் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்மாய் மடையைப் பார்த்துக்கொள்கிற மூக்கையா என் பக்கத்தில் நின்றார்.

"ஏப்பா, சர்க்கஸு சிங்கத்தையில்ல உள்ள போட்டு வச்சிருக்க?" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பதினோரு மணி இருக்கும். கரையோரம் வண்டியைத் திருப்பும்போது இடது சங்கிலி புல்லுக்குள் இறங்கியது. அங்கே யாரோ எப்போதோ மண் அள்ளிய பழைய குழி, புல் மூடிக் கிடந்திருக்கிறது. வண்டி உடனே விழவில்லை. யோசிப்பது போலக் கொஞ்சம் நின்றது. அந்த நேரத்தில் சகாயராஜின் கை கதவுக் கைப்பிடிக்குப் போனதைக் கம்பி வழியாகப் பார்த்தேன். ஒரு திருகு திருகினான். அதற்குள் வண்டி இடப்பக்கமாகக் கவிழ்ந்து குழிக்குள் போய் விழுந்தது. சேற்றுத் தண்ணீர் எங்கள் தலைக்குமேல் எழும்பி விழுந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின் சத்தம்கூட இல்லை. மகராசன், சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறான்.

குழிக்குள் குதித்து ஓடினேன். கூரையின் ஓரம் ஒரு பாறையில் மோதி நின்றிருந்தது. பாறையில் சில்லு பெயர்ந்திருந்தது, தகட்டில் நெளிவில்லை. உள்ளே சகாயராஜ் இடுப்பளவு தண்ணீரில் கிடந்தான். ஒரு கீறல் இல்லை. அந்த ஒரு நொடி எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"கதவு அடியில மாட்டிக்கிச்சு மச்சான். பின்னாடி வழியா வாரேன்" என்றான்.

நிதானமாகத் திரும்பி, பின்பக்கச் சிவப்பு வளையத்தைப் பிடித்து இழுத்தான். கண்ணாடி கழன்று உள்ளே விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் என் கம்பி. அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், இது தெறக்காதா?"

படத்திலிருந்தவன் வெளியே வருகிறவன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வண்டி சேற்றில் அமுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்துவிட்டது. தண்ணீர்மேல் டீசல் மினுங்கியது, கேஸ் வைத்து அறுக்க வழியில்லை. டிராக்டர் கட்டி இழுக்கலாம் என்றார் ஓடிவந்து கூடியவர்களில் ஒருவர். இழுத்தால் வண்டி இன்னும் புரண்டு அவனை அடியில் வைத்துக்கொள்ளும். தீயணைப்புக்குப் போன் போட்டாயிற்று, வந்து சேரவேண்டும். கம்பியை அறுக்கலாமென்றால் அந்தக் கம்பியில் வாள் வழுக்கும். வாள் வழுக்கவேண்டும் என்றுதான் தேடித்தேடி வாங்கினேன்.

என் பழைய கேள்வியையே கேட்டேன். கள்ளன் எந்த வழியாக வருவான்? முன்பக்கம் முடியாது. கூரை முடியாது. ஒவ்வொன்றாக எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு வந்து, மக்கு பூசிய இடத்தில் நின்றேன். பின்சட்டத்தின் வலது பக்கம். சாய்ந்த வண்டியில் அது மேலே வந்திருந்தது, தண்ணீருக்கு வெளியே.

"மூக்கையாண்ணே, கடப்பாரைய இங்கன குடுங்க. இந்தப் பக்கம் நான் சரியா ஒட்டல. ரெண்டு புள்ளி வச்சு மக்கு பூசிட்டேன்."

அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொன்னேன். மூக்கையா என்னை ஒரு பார்வை பார்த்தார். கடப்பாரையை அவரே இடுக்கில் செருகினார். மூன்று பேர் தொங்கினோம். முதல் புள்ளி விட்டது. இரண்டாவது விடமாட்டேன் என்றது. நான் வைத்த புள்ளியைத் திட்டிக்கொண்டே நான் தொங்கினேன். டப்பென்று விட்டது. சட்டத்தை மடக்கி ஒரு முழம் இடைவெளி உண்டாக்கியபோது தண்ணீர் அவன் கழுத்தில் நின்றது. முதலில் கை வந்தது, பிறகு தலை. தோளில் தோல் உரிய உரிய அவனை உருவி எடுத்தோம்.

கரையில் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிழிந்தான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"குதிக்கத்தான் பாத்தேன் மச்சான்" என்றான். "ஒரு திருகு திருகிட்டேன். ரெண்டாவது வரல."

சாயங்காலம் பெரிய பொக்லைன் வந்து குட்டியைத் தூக்கி நிறுத்தியது. நானும் சகாயராஜும் மூக்கையாவும் குழியின் விளிம்பில் நின்று பார்த்தோம். தண்ணீர் வடிய வடிய, கதவு அமுங்கிக் கிடந்த களிமண் தெரிந்தது. என் கதவு அப்படியே அதில் பதிந்திருந்தது. ஒவ்வொரு கம்பியும், கைப்பிடியும், மூலையிலே நான் வெட்டிய என் பெயரின் முதலெழுத்தும். அவன் குதித்திருந்தால் விழுந்திருக்கும் இடம் அதுதான். மூக்கையா குனிந்து ஒரு கம்பித் தடத்தில் கையை விட்டார். முழங்கை வரை போனது. "ஆத்தாடி" என்றார். அவனைப் போகவிடாமல் பிடித்ததும் நான் செய்தது, சாகக் கிடத்தியதும் நான் செய்தது, விட்டதும் நான் செய்தது. மூன்றில் ஒன்றைக்கூட நான் நினைத்துச் செய்யவில்லை. கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

பத்து நாள் கழித்து வண்டி மறுபடி என் பட்டறையில் நின்றது. பின்பக்கச் சட்டத்துக்குக் கீல் வைத்து, உள்ளிருந்து ஒரு இரும்பு ஊசியை உருவினால் விழுகிற மாதிரி செய்திருந்தேன். ஊசியின் வளையத்துக்குச் சிவப்புப் பெயிண்ட். கதவுக்கு ஒரே திருகு. ஆனால் குதிக்கக்கூடாது என்று, சீட்டில் பெல்ட் மாட்டினால்தான் வண்டி எடுப்பது என்று சகாயராஜ் தானே முடிவு செய்திருந்தான். அறிவு வந்தாள். கூண்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு பற்றவைப்பையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மக்கு எங்கேயும் இல்லை.

சகாயராஜ் ஏறப்போனான். அவள் தடுத்தாள்.

"நீ ஏறுண்ணே."

ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டை அவளே மாட்டினாள். கதவைச் சாத்தி, வெளியே முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாகப் பெட்டி செய்கிறேன், ஒன்றுக்குள்ளும் நான் உட்கார்ந்ததில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் என் பட்டறை யாருடையதோ மாதிரி தெரிந்தது.

"கண்ண மூடிக்கிட்டுப் பின்னாடி வழியா வெளிய வா. தண்ணிக்குள்ள கண்ணு தெரியாது."

மூடிக்கொண்டேன். தடவிப் பெல்ட்டைக் கழற்றினேன். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. வெளியே அவள் எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு."

கையைப் பின்னால் கொண்டுபோனேன். கம்பி. அடுத்தது, கம்பி.

"ரெண்டு."