விரலில் தேறாத காந்தம்

பிட்ஸ்பர்க்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள் தெல்மா. அந்த வேலை முடிந்து வந்தால் வீட்டுக் கார் ஷெட்டில் இன்னொரு வேலை கிடக்கும். விரல் நுனியில், தோலுக்கடியில் வைத்துக்கொள்கிற அரிசியளவு காந்தங்களை அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொண்டவர்களுக்குச் சுவருக்குள் மின்கம்பி ஓடினாலும் விரல் சிலிர்க்கும். அதற்கென்றே ஆசைப்பட்டு வருகிறவர்கள் உண்டு. காந்தம் உடம்புக்குள் துருப்பிடித்தால் விஷம். ஆகவே மேலே ஒரு மெல்லிய பூச்சு. அது தாங்குமா என்பதுதான் அவளுடைய கவலை.

உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீர் ஜாடியில் மாதக்கணக்காக ஊறப்போட்டாள். சுத்தியலால் தட்டினாள். எல்லாம் தேறின. பிறகுதான் ஒன்றைத் தன் மோதிர விரலில் வைக்கச் சொன்னாள். வைத்தவன் அவளுடைய கூட்டாளி எம்மெட். காது மூக்கு குத்தும் கடை வைத்திருப்பவன். இன்னொன்றைத் தன் இடது கை விரலிலும் வைத்துக்கொண்டான்.

பனி உருகும் சமயத்தில் தெல்மாவின் விரல் அரிக்கத் தொடங்கியது. பிறகு நுனி கறுத்தது. ஒருநாள் காலை குண்டூசிகூட அதில் ஒட்டவில்லை. நேராகக் கடைக்குப் போனாள்.

எம்மெட் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தான்.

"பெட்டியில நசுங்கியிருக்கும். சரியாயிடும்."

"தினமும்தான் நசுங்குது. விரல்னா வேலை செய்யாதா?"

"ஜாடியில இருக்கறதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"ஜாடி பெட்டி தூக்குதா, எம்மெட்?"

அவன் விளக்கைத் தள்ளி வைத்தான். "காந்தம் வச்சுக்க மத்தியானம் ஆளுங்க வராங்களே. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்றான்.

"முதல்ல இத எடு."

மரத்துப்போக ஊசி போட அவனுக்கு அனுமதி கிடையாது. ஐஸ் தண்ணீர்தான். கை விறைக்கும்வரை முக்கி வைத்திருந்தாள். அவன் கீறியதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். காந்தம் இரண்டு துண்டாக, கரிய சேறு பூசிக்கொண்டு வந்தது. அழுகை வரவில்லை. எங்காவது படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

"உன்னுதையும் எடுத்துடு" என்றாள், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"நான் என்ன மூட்டையா தூக்கறேன்? என்னுது நல்லாத்தான் இருக்கு."

"போன மாசம் என்னுதும் நல்லாத்தான் இருந்துச்சு."

"இது இல்லேன்னா விரல் குருடாயிடும், தெல்மா."

அவள் உடைந்த இரண்டு துண்டையும் அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள். எம்மெட் போனை எடுத்து மத்தியானம் வரவேண்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். "இன்னைக்கு இல்லப்பா. எப்பன்னு எனக்கே தெரியல." ஒருத்தன் கத்தியது தெல்மாவுக்கே கேட்டது. பேசி முடித்தவன் புது ஐஸ் கொட்டித் தன் இடது கையை அதில் விட்டான்.

"மணிக்கட்ட அழுத்திப் பிடி. ஆட விடாத."

அவள் நல்ல கையால் பிடித்துக்கொண்டாள். அவனே கீறினான், அவனே எடுத்தான். வந்த காந்தம் புதிதுபோலப் பளபளத்தது. பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெல்மாவுக்கு ஒரு கீறல்கூடத் தென்படவில்லை.

"நல்லா இருந்ததப் போய்..." என்றான் எம்மெட்.

அவனுக்குக் கட்டுப் போட அவளுடைய ஒரு கை போதவில்லை. பஞ்சை அவன் பிடித்துக்கொள்ள, அவள் சுற்றினாள்.

"பூச்சு இன்னும் கொஞ்சம் தடிமனா இருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு வேணாம், தெல்மா."

"சரி" என்றாள். அவளுக்கும் அன்று அதைப் பேசத் தெம்பில்லை.