திவாகர் வரைந்த எழுத்து

"அக்கா, ஃபைல் ஒன்னுகூட போகல லா. நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க," என்றான் பாச்சாங் வட்டாரத்துக் கணினிக் கடைக்காரன் கெல்வின்.

மகளின் படிப்புக்காகப் பழைய விண்டோஸை மாற்றி விண்டோஸ் தொண்ணூற்றெட்டைப் போட வீட்டுக் கணினியைக் கொடுத்திருந்தாள் பவானேஸ்வரி. அவள் கணவர் திவாகர், நோயில் கிடந்த எட்டு மாதமும் அந்தக் கணினியில் தமிழில் எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதுகிறார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் போய் ஓராண்டாகியும் அதைப் படிக்கத் துணிவு வரவில்லை. இன்றுதான் வந்தது.

முதல் கோப்பைத் திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டிக் கிடந்தன.

"ஃபான்ட் இல்லக்கா. என்ன ஃபான்ட்டுன்னு பேரு சொல்லுங்க, தேடிப் போட்டுர்றேன்."

"அவரே வரைஞ்சது தம்பி. கடையில விக்கிறது அசிங்கமா இருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா உக்காந்து வரைஞ்சாரு."

கெல்வினின் கை மௌசிலேயே நின்றது. "நீங்க ஃபைல மட்டும்தானே சொன்னீங்க... அத காப்பி பண்ணிட்டு ஃபான்ட்டோட சேத்து மத்ததெல்லாம் அழிச்சிட்டேன்கா."

ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளை வெவ்வேறு விசையில் வைத்திருந்த காலம் அது; எழுதிய எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாது. தன்னிடமிருந்த ஐந்து எழுத்துருக்களையும் போட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உளறியது.

பக்கத்துக்குப் பக்கம் அதே சில குறிகள் சேர்ந்தே வருவதை அவள் கவனித்தாள். அது அவர் அவளை அழைக்கும் பவா என்ற பெயரா, வலி என்ற சொல்லா என்று சொல்ல இனி யாருமில்லை.