சிவப்புக் கோட்டுக்குக் கீழே

“இந்தப் பிள்ளைக்கும் ஒரு பெட்டி வேணும்” என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். பேனா கேள், மெஷினுக்கு பேட்டரி கேள், லீவுகூடக் கேள். பெட்டி அனுப்புகிறவர்கள் வந்திருக்கும்போது அவர்கள் முகத்துக்கு நேராகப் பெட்டி மட்டும் கேட்காதே. என் அம்மா அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே சொல்லி வளர்த்தவள். யார் வாசலிலும் நின்று சாப்பாடு என்று வாயைத் திறக்காதே, வேலை இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் திரும்பி வா. இரண்டு பேர் சொன்னதையும் ஒரே மூச்சில் மீறினேன்.

சாப்பாட்டுப் பெட்டி அனுப்பும் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். என்னை இல்லை, என் பக்கத்தில் நின்றவளை. ஒன்பது வயது. நாற்பது கிலோ. கன்னம் இரண்டும் கண்ணை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூசணி என்று பெயர். அவளே எங்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள், வேறு பெயரே இல்லாத மாதிரி.

“இவளுக்கா?” என்றார் பெட்டி அம்மாள். கெட்டவர் இல்லை. சிரிப்பு தானாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

பூசணியின் அம்மா சுவரோடு சுவராக நின்றாள்.

எங்கள் கிளினிக்கில் காலையில் ஒல்லிக் குழந்தைகள், மதியம் குண்டுக் குழந்தைகள். என் வேலை எடை பார்ப்பது, உயரம் அளப்பது, வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று மூன்று நாள் கணக்கு வாங்குவது. அதனால் எனக்குத் தராசு என்று பெயர். எங்கள் வம்சத்திலேயே கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். அப்பா மூட்டை இறக்கி முதுகு போனவர். அம்மா ஆபீஸ் மாடிப்படி துடைத்தவள். ஊட்டச்சத்துப் படித்து நான் வாங்கிய பட்டத்தை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள், ஸ்டவ்வுக்கு நேர் எதிரில். என் சம்பளம் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மாதக் கடைசி வாரமும் மற்ற வாரங்களைப் போல ஆனது.

எடை மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை. வயதுக்கு இவ்வளவு எடை என்று கோடுகள். அடியில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு மாதம் ஒரு பெட்டி. பருப்பு, எண்ணெய், பால் பவுடர், முட்டை, கொஞ்சம் பழம். மேலே இருக்கிற குழந்தைக்கு ஒரு தாள். இனிப்பைக் குறை, சின்னத் தட்டில் போடு, ஓடி விளையாடு. கோட்டுக்குக் கீழே சோறு, கோட்டுக்கு மேலே புத்திமதி. இரண்டு வருஷம் அந்தத் தாளை நான்தான் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன்.

பூசணியின் அம்மா ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு, ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சம்பளம். சம்பளத்துக்கு மறுநாள்தான் கிளினிக்குக்கு வருவாள், ஏனென்றால் அன்றுதான் பஸ்ஸுக்குக் காசு இருக்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. எத்தனை ஒழுங்கான தாய், நாள் தவறுவதே இல்லை என்று பாராட்டினேன்.

சாப்பாட்டுக் கணக்கு எழுதச் சொல்லி மூன்று நாளுக்கான தாள் கொடுத்தேன். அவள் எழுதியது சம்பளம் வாங்கிய கையோடு வந்த மூன்று நாள். மூன்று வேளையும் வயிறு முட்ட. நடுவில் பன், பிஸ்கட், கலர் தண்ணீர். ராத்திரி மறுபடியும் ஒரு தட்டு. நான் கோப்பில் எழுதினேன்: ‘வீட்டில் உணவுக்குக் குறைவில்லை. தாய் அளவுக்கு மீறிக் கொடுக்கிறார்.’ கீழே கையெழுத்தும் போட்டேன். அலமாரியைப் பூட்டி வையுங்கள், பாதி கொடுங்கள் என்றேன். அவள் சரிம்மா என்றாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

பத்தாவது நாளுக்கு மேல் அந்த வீட்டில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க அந்தத் தாளில் இடம் இல்லை. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு கட்டுக் கீரை வாங்குகிற காசுக்கு நாலு பாக்கெட் பிஸ்கட் வரும், கீரை தின்றால் சீக்கிரம் பசிக்கும், பிஸ்கட் வயிற்றை அடைக்கும். சாப்பாடு இருக்கும்போதே தின்றுவிடு, நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று உடம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், தானே கற்றுக்கொள்ளும். பன்னிரண்டு வயதுவரை நானும் உருண்டையாகத்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ‘மூட்டை தூக்குறவன் பெத்த மூட்டை’ என்பாள், எல்லோரும் சிரிப்போம், நானும் சிரிப்பேன். அதையெல்லாம் மறப்பதற்குத்தானே படித்தேன். நன்றாகவே மறந்திருந்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள், இருக்கிற ஒரே பஸ்ஸில் காலை பத்துக்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். ஒல்லிப் பிள்ளைகள் பெட்டியோடு போவதைப் பூசணி பார்த்துக்கொண்டே இருப்பாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மெஷினிலிருந்து இறங்கும்போது கேட்டாள்.

“தராசு அக்கா, எத்தனை கிலோ ஆனா பெட்டி தருவீங்க?”

நான் சிரித்துவிட்டேன். அவள் வயதுக்கு நேராகச் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினேன். இருபது. “இதுக்குக் கீழ வந்தா தரேன்.” பிள்ளைக்கு எடை குறைக்க ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் அப்போது நாற்பத்துநாலு.

அடுத்த தடவை நாற்பத்துமூணு. அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். அடுத்து நாற்பத்திரண்டு, இன்னொரு நட்சத்திரம். மற்றப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன். அவள் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தாள். எவ்வளவு தூரம் இன்னும் என்று கண்ணாலேயே அளந்தாள்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் மயங்கி விழுந்தாள். மேஜை விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. டீச்சர் அவள் பையைத் திறந்தபோது உள்ளே ஏழு ரொட்டித் துண்டு, தாளில் சுற்றி, கல் மாதிரி. பள்ளியில் கொடுப்பதைத் தின்னாமல் சேர்த்து வைத்திருக்கிறாள். சிலதை வீட்டுக்குக் கொண்டுபோய், மீந்ததைக் கொடுத்தாங்க என்று சொல்லி அம்மாவிடம் தந்திருக்கிறாள். அம்மா நம்பித் தின்றிருக்கிறாள். சம்பளத்துக்கு முந்தின நாட்களில் அம்மாவுக்கு அது ஒன்றுதான் சாப்பாடு.

நேற்று அந்த அம்மா என்னிடம் வந்து இதையெல்லாம் சொன்னாள். அழவில்லை. கணக்குத் தாளில் ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். அவள் சொன்னாள், “பொய் இல்லம்மா. அந்த மூணு நாள் நிஜமாவே அப்படித்தான் சாப்பிட்டோம். மீதி நாளை நீங்க கேக்கல. கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன். பெத்த பிள்ளையைப் பட்டினி போடுறேன்னு எந்த வாயால சொல்றது? அவ உடம்பைப் பாத்தா யாரு நம்புவா?”

அதனால்தான் இன்று காலை அவர்களை வரச் சொன்னேன். பெட்டி அம்மாள் வருகிற நாளில் குண்டுக் குழந்தைகள் கண்ணில் படக்கூடாது என்பது சட்டம். போட்டோ எடுப்பார்கள். போட்டோவுக்கென்றே மேஜையில் ஒரு பெட்டி திறந்திருக்கும், மேலே ரிப்பன் கட்டி. அது யாருக்கும் இல்லை. போட்டோ முடிந்ததும் காரில் ஏறி அடுத்த கிளினிக்குக்குப் போகும். அங்கேயும் போட்டோ.

பெட்டி அம்மாளிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டித் துண்டையும் சொன்னேன். அவர் முகம் வாடியது. பாவம்தான் என்றார். ஆனால் பணம் கொடுக்கிறவர்களுக்கு அவர் படம் அனுப்ப வேண்டும், இந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என்னையே கேட்டார்.

டாக்டர் என்னை ஜன்னல் பக்கம் அழைத்தார். பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தார்.

“நாற்பது பெட்டி, நாற்பது பேர். இவளைச் சேக்கணும்னா ஒரு பேரை அடிக்கணும். நீயே அடி.”

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணிக்கட்டு ஞாபகம் வந்தது, என் இரண்டு விரலுக்குள் அடங்குகிற மணிக்கட்டு. அடிக்க முடியவில்லை. டாக்டர் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு ஆத்திரம். அநியாயம் செய்கிறவர்களோடு சண்டை போடலாம், நியாயம் பேசுகிறவர்களை என்ன செய்வது?

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். பெட்டி அம்மாளிடம் போய், கோப்பைச் சரியாகப் பார்க்காமல் பேசிவிட்டேன் என்று சொல், இந்த வீட்டில் குறைவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய் அல்லவா, அதைக் காட்டிவிடு என்றார். அவர்களுக்குக் கோபம் வந்தால் நாற்பது பெட்டியும் போய்விடும் என்றார். உன் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க என் மேஜைக்குத்தான் வரும் என்பதையும் சொன்னார். மிரட்டலாக இல்லை, களைப்பாக.

அப்போது பின்னால் ஒரு சத்தம். எடை மெஷின் பீப் என்றது.

பூசணி ஏறி நின்றிருந்தாள். எண்ணைப் பார்த்தாள். இறங்கினாள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள். மறுபடி இறங்கினாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஏறினாள். தலையிலிருந்து கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்தாள், மூன்று கிளிப், சிவப்பு பிளாஸ்டிக். அதையும் ஷூவுக்குள் போட்டுவிட்டு மூச்சை வெளியே விட்டு, விட்ட மூச்சை உள்ளே இழுக்காமல் நின்றாள்.

“அக்கா, இப்பப் பாருங்க. இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.”

போட்டோ எடுப்பவர் கேமராவைக் கீழே இறக்கினார்.

அவள் அம்மா போய் ஷூவைப் பொறுக்கினாள். ஒரு கிளிப் விழுந்து மேஜைக்கு அடியில் ஓடியது. அதைத் தேடவில்லை. “வேணாம்மா. நாங்க போறோம். எங்களால உங்களுக்கு எதுக்குப் பேச்சு” என்று என்னிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள். பிள்ளை வருகிறதா என்றுகூடத் திரும்பிப் பார்க்க முடியவில்லை அவளால்.

நான் கோப்பை எடுத்தேன். என் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியை அடித்தேன். ‘எழுதியது நான். தவறு. இந்த வீட்டில் மாதத்தில் பத்து நாள் சாப்பாடு இல்லை. பிள்ளை பெட்டிக்காகப் பட்டினி கிடந்தாள், நான் நட்சத்திரம் ஒட்டினேன்’ என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன். டாக்டர் பக்கம் நகர்த்தினேன். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

“இதை எழுதிட்டு இங்க இருக்க முடியாதுன்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“வீட்டுல யாரு சம்பாதிக்கிறா?”

“நான்தான்.”

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. ஸ்டவ்வுக்கு எதிரில் மாட்டியிருக்கும் பட்டம் ஒரு நொடி கண் முன்னால் வந்தது, அதற்குக் கீழே கடைசி வாரத்து அலமாரியும். அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டியா என்பாள்.

மேஜையில் போட்டோவுக்கு வைத்திருந்த பெட்டியின் ரிப்பனை அவிழ்த்தேன். மூடினேன். தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். பெட்டி அம்மாள், அது கணக்கில் இல்லாதது என்று சொல்ல வாயெடுத்தார். “அதனாலதான் எடுக்கிறேன்” என்றேன். இது பத்து நாளைக்கு வரும். பதினோராவது நாளுக்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டி கிடைத்துவிட்டதால் இனி சாப்பிடுவாளா, இல்லை அடுத்த பெட்டிக்காக இன்னும் குறைப்பாளா, அதுவும் தெரியாது. அவளோடு வீட்டுக்குப் போய், அலமாரிப் பூட்டை என் கையால் கழற்றி, அவள் முன்னால் உட்கார்ந்து அவளைச் சாப்பிட வைக்க வேண்டும். பூட்டச் சொன்னவள் நான்தானே.

“வா” என்றேன்.

வெறுங்காலோடு வந்தாள். மெஷினைத் தாண்டும்போது பழக்கத்தில் ஒரு கால் அதன் மேல் போனது. நான் பெட்டியை ஒரு கையால் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவளை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.